கீழே ஒரு குளியலறை

கறிக்கடைக்காரருக்குக் கட்டட அனுமதி அலுவலகத்தில் முதல் காயம் பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்கு. இருபத்திரண்டு வருடமாகக் கத்தி பிடிக்கும் கை அது. எலும்பு வெட்டும் கத்தி, தோல் உரிக்கும் கத்தி, கொத்துக்கறி போடும் கத்தி என்று எல்லாவற்றோடும் பழகியும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தழும்பு கிடையாது. அந்தக் கையை நான்காம் எண் கவுண்டரின் ஷட்டர் பதம் பார்த்தது.

அவர் வந்த காரியம் சின்னது. வீட்டில் அவரும் அக்காவும் இரண்டே பேர். அக்கா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்னால் மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கி அனுப்பிவிட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடப்பார். படி ஏற முடியாது. குளியலறையோ மாடியில் இருந்தது. பதினேழு படி. கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தம்பி அவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறி இறங்கினார்.

தம்பிக்கு அது பாரமாகத் தெரியவில்லை. தினமும் முழு ஆடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவரைக் கூப்பிட வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஆறே மாதத்தில் சிறுநீரகத்தில் கல். "இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினீங்கன்னா கிட்னி கைவிட்டுடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சமையலறைக்குப் பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு. அங்க ஒரு பாத்ரூம் போட்டுடலாம்க்கா" என்றார் தம்பி.

"அனுமதி வாங்கிட்டுப் போடு. ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் வரிசையில நில்லு, வரிசையில நில்லுன்னு கத்தித் தொண்டை தேய்ஞ்சவ நான். நாமளே வரிசை தாண்டக் கூடாது."

ஆகவே அவர் வரிசையில் நின்றார்.

நான்காம் கவுண்டர் குமாஸ்தா நேரம் தவறாத மனிதர். பெரிய முள் பன்னிரண்டையும் சின்ன முள் ஒன்றையும் தொட்டதும் ஷட்டரைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தட்டிவிடுவார். இரும்பு ஷட்டர் தன் எடையில் தானே வந்து விழும். அப்போது அதற்கு அடியில் யாருடைய விரல்கள் இருக்கின்றன என்று அவர் பார்ப்பதில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

கறிக்கடைக்காரரின் மூன்று விரல்கள் இருந்தன. இரண்டு நகங்கள் அங்கேயே பெயர்ந்துவிட்டன. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு நீளமான கம்பு வைத்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். கம்பின் நுனியில் மனுவைச் செருகி உள்ளே நீட்டுவதற்காம்.

"புதுசா?" என்று பின்னால் நின்றவர் அனுதாபத்தோடு கேட்டார்.

இரண்டே கால் மணிக்கு ஷட்டர் மறுபடி ஏறியது. குமாஸ்தா மனுவை ஓரமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"கறை பட்டிருக்கு. வேற மனு எழுதிட்டு வாங்க."

"சார், விரல் நசுங்கிடுச்சு."

"மனுவைத்தான் வைக்கச் சொல்லியிருக்கு. விரலை வைக்கச் சொல்லி எங்கயாவது எழுதியிருக்கா? அடி இங்கதான் பட்டதுன்னா அஞ்சாம் கவுண்டர்ல எழுதிக் கொடுங்க."

"அது மூடியிருக்கே சார்."

"போன வருஷம் ஒருத்தர் கையோட சேர்ந்து சிக்கிக்கிச்சு. அதிலிருந்து ஷட்டரைத் தூக்க முடியல. அவரு மட்டும் எப்படியோ போயிட்டாரு."

அடுத்த நாள் கறிக்கடைக்காரர் கடையில் இறைச்சி தொங்கவிடும் கம்பி ஒன்றை எடுத்துப் போய், அதன் கொக்கியில் புது மனுவை மாட்டி உள்ளே நீட்டினார். மனு ஏற்கப்பட்டது.

சட்டப்படி அடுத்தது அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இடதுபக்கத்து வீட்டு அம்மாள், "முதல்ல கட்டுங்க, அவங்க படற பாட்டைப் பார்க்க முடியல" என்று எழுதியே கொடுத்துவிட்டார். வலதுபக்கத்து வீட்டுக்காரர் சிமெண்டுகூடத் தருவதாகச் சொன்னார். இரண்டு கடிதத்தையும் படித்த விசாரணை அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்சேபணையே இல்லேன்னா நான் எதை விசாரிக்கறது? விசாரிக்காம எப்படி அனுமதி கொடுக்கறது?"

"யாருக்கும் இடைஞ்சல் இல்லாம கட்டறேன் சார்."

"அதுதான் தப்பு. எதிர்ப்பையே பார்க்காத மனுஷன் கட்டின சுவரு நாளைக்குக் காத்தை எப்படித் தாங்கும்? அரசாங்கம் இதையெல்லாம் யோசிக்காமலா இருக்கும்?" அவர் மணியை அழுத்தினார்.

அரசாங்கம் யோசித்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து அலுவலக ஆட்சேபணைக்காரர் வந்தார். ஆட்சேபிக்க ஆள் இல்லாத மனுக்களுக்காக நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்துபோன உடம்பு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டார்.

"இந்தப் பாத்ரூம் வந்தா என் வீட்டுக்கு வெளிச்சம் வராது" என்றார்.

"உங்க வீடு எங்க சார் இருக்கு?"

"அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்று சொல்லிவிட்டு அவர் கறிக்கடைக்காரரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். தொடர்ந்து, கழிவுநீர் குறித்த ஆட்சேபணையை வயிற்றிலும், பக்க இடைவெளி குறித்த ஆட்சேபணையை விலாவிலும் பதிவு செய்தார். நாற்காலியைத் தூக்கப் பார்த்தார். அதைத் தரையோடு சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். முந்தைய விசாரணைகளில் கற்ற பாடம் அது. விசாரணை அதிகாரி, 'கடுமையான ஆட்சேபணை பெறப்பட்டது. மனுதாரர் தாங்கிக்கொண்டார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எல்லாம் முடிந்ததும் ஆட்சேபணைக்காரரே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்ப வலிக்குதா? என்ன செய்யறது, குளியலறைக்கு மூணு ஆட்சேபணை கட்டாயம். நேத்து ஒரு வயசானவரு வந்தாரு. ஜன்னல் மட்டும்தான் வைக்கணும்னாரு. காதை லேசாத் திருகி விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்த தம்பியின் முகத்தை அக்கா விளக்கருகே திருப்பிப் பார்த்தார்.

"யாருடா அடிச்சது?"

"அடிக்கலக்கா. ஆட்சேபிச்சாங்க."

 அக்கா துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிக் கன்னத்தில் வைத்தபோது தேவைக்கு அதிகமாக அழுத்தினார்.

மறு வாரம் உறுதிப் பிரிவு வந்தது. ஒரு மேற்பார்வையாளர், சம்மட்டியோடு இரண்டு ஆட்கள். புதுக் குளியலறையைச் சமையலறையின் பின்சுவரை ஒட்டித்தான் எழுப்ப வேண்டும். எனவே அந்தச் சுவர் உறுதியானதா என்று பார்த்து எழுத வேண்டும்.

"எப்படி சார் பார்ப்பீங்க?"

"அடிச்சுத்தான். விழுந்தா பலவீனம்னு எழுதுவோம்."

"விழலேன்னா?"

"விழற வரைக்கும் முடிவு சொல்ல முடியாது இல்லையா?" என்றார் மேற்பார்வையாளர், சிறுபிள்ளைக்கு விளக்குவதுபோல.

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்து மூலைக்குப் போய் நின்றார். ஆட்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். பத்து அடிவரை சுவர் அசையவில்லை. இருபதில் பூச்சு உதிர்ந்தது. அலமாரியிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. "நல்ல சுவர்" என்று மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டார். முப்பத்தொன்றாவது அடியில் செங்கற்கள் மொத்தமாகச் சரிந்தன. புழுதி அடங்குமுன்னே அவர் 'பலவீனம்' என்று எழுதி முடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அளவுப் பிரிவு சர்வேயர் உள்ளே வந்தார். பின்சுவரிலிருந்து மதில்வரை இடைவெளி எத்தனை அடி என்று அளக்க வந்தவர். டேப்பைக் கையில் பிடித்தபடி இடிபாட்டைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். மறுபடி இடிபாட்டைப் பார்த்தார்.

"எந்தச் சுவத்துலேர்ந்து அளக்கறது?"

"இருந்த சுவத்துலேர்ந்து."

"நாங்க அளக்கற வரைக்கும் சுவத்துல கை வைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குய்யா."

"நாங்க இடிக்கற வரைக்கும் அளக்கக் கூடாதுன்னு எங்ககிட்டயும் ஒரு சுற்றறிக்கை இருக்கு."

இருவரும் பையிலிருந்து சுற்றறிக்கைகளை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே எண், ஒரே தேதி, ஒரே கையெழுத்து. அதற்குமேல் பேச ஒன்றும் இல்லாததால் சர்வேயர் கோப்பால் மேற்பார்வையாளரின் காதோடு சேர்த்து அடித்தார். மேற்பார்வையாளர் ஒரு சம்மட்டியைப் பிடுங்கி அதன் பிடியால் சர்வேயரின் முழங்காலில் போட்டார். சர்வேயர் இரும்பு டேப்பை உருவி மேற்பார்வையாளரின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றினார். இரண்டு ஆட்களும் சம்மட்டி இல்லாதவரும் இருப்பவருமாக ஓரத்தில் நின்றார்கள். அதிகாரிகள் சண்டையில் கீழ்நிலை ஊழியர்கள் தலையிடக் கூடாது என்பதும் விதியாம்.

"சார், வேண்டாம் சார், விடுங்க சார்" என்று கறிக்கடைக்காரர் நடுவில் புகுந்தார். இரண்டு பக்கமும் அவருக்கு விழுந்தது.

மேற்பார்வையாளர் மூச்சு முட்டியபடி ஒரு தள்ளு தள்ளினார். சர்வேயர் பின்னால் சாய்ந்து, உடைந்த ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் கையைக் கொடுத்துவிட்டார். முழங்கைக்குக் கீழே ஆழமாகக் கிழிந்தது. ரத்தம் கசியவில்லை; பீய்ச்சியது. சர்வேயர் அதை அடுத்தவர் கை மாதிரி பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

கறிக்கடைக்காரருக்கு அந்த வேகம் என்னவென்று தெரியும். குதித்துப் போய்ச் சர்வேயரின் மேற்கையில் கட்டைவிரலை வைத்து எலும்போடு அழுத்தினார். அக்கா மூலையிலிருந்து, "கையை மேல தூக்கு. தலைக்கு மேல. துண்டை முறுக்கிக் கட்டு" என்று மைதானத்துக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி கட்டினார். சர்வேயரை முதுகில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி, கறி ஏற்றும் வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். "இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா ஆள் இல்லை" என்றார் அங்கிருந்த டாக்டர்.

சர்வேயர் படுக்கையிலிருந்து கறிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க ஃபைலை நான் பார்த்துக்கறேங்க. என் உயிரைக் கொடுத்தாவது முடிச்சுத் தரேன்."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. அக்காதான் படித்தார்.

'தங்கள் இல்லத்தில் நடைபெற்ற கள ஆய்வின்போது சமையலறைத் தரையில் பெருமளவு இரத்தம் காணப்பட்டது. தாங்கள் தொழில்முறையில் ஆடு அறுப்பவர் என்பது தங்கள் மனுவிலிருந்தே தெரியவருகிறது. எனவே தாங்கள் குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி வதைக்கூடம் நடத்திவருவது ஐயத்திற்கிடமின்றி உறுதியாகிறது. பதினைந்து தினங்களுக்குள் நேரில் தோன்றி விளக்கமளிக்கத் தவறினால் கட்டடம் முழுமையாக இடிக்கப்படும்.'

பின்சுவர் இருந்த இடத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கடிதத்தை நான்காக மடித்தார்.

"நானும் வரேன்."

"ரெண்டாவது மாடிக்கா. அங்கயும் படிதான்."

"தூக்கிட்டுப் போ."

தலைமை அதிகாரியின் அறை விசாலமாக இருந்தது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் கட்டடம். அதில் எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. ஒருபக்கம் கழுத்தில் சிவந்த தழும்போடு மேற்பார்வையாளர். இன்னொருபக்கம் கையில் பெரிய கட்டோடு சர்வேயர். நடுவில் எழுதுவதற்கு நான்காம் கவுண்டர் குமாஸ்தா. கறிக்கடைக்காரர் அக்காவை முதுகிலிருந்து இறக்கி, வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தலைமை அதிகாரி மென்மையாகப் பேசுகிறவர்.

"இந்த அலுவலகம் தொடங்கி ஐம்பது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்க வேலையில ஒரு மனுஷனுக்கு அடிபட்டதா ஒரு பதிவு கிடையாது. வேற எந்த அலுவலகமாவது இப்படிச் சொல்ல முடியுமா? இப்போ உங்க வீட்டுத் தரையில இருந்தது மனுஷ ரத்தம்னு எழுதினா, போலீஸுக்குத் தெரிவிக்கணும். யார் அடிச்சாங்கன்னு அவங்க கேட்பாங்க. ரெண்டு பிரிவையும் மூட வேண்டிவரும். மூடினா ஊர்ல எவனும் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. ஜனங்க எங்க போவாங்க? நமக்கு ஜனங்கதானே முக்கியம்? ஆட்டு ரத்தம்னு எழுதிட்டா யாருக்கும் சங்கடம் இல்ல. ஆடு புகார் கொடுக்காது." அவர் சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அது யார் ரத்தம்?"

சர்வேயர் தன் கட்டைப் பார்த்துக்கொண்டார். "ஆட்டோடதுங்க சார்."

"அப்ப உங்க கையில இருக்கற கட்டு?" என்று கறிக்கடைக்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"இது எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இருக்குங்க" என்றார் சர்வேயர். அவர் கண்ணில் நீர் நின்றது.

"தொழில் தெரிஞ்சவர் நீங்க. 'ஆட்டு ரத்தம்தான்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வீடு முழுசா இடிபடாம எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்கறேன்" என்று தலைமை அதிகாரி பேனாவை நீட்டினார்.

கறிக்கடைக்காரர் பேனாவை வாங்கவில்லை. எந்தப் பாகத்துக் கறி என்று யாராவது கேட்டால் சொல்வதைப்போலத்தான் பதில் சொன்னார்.

"சார், இவர் நரம்பு மேல என் கட்டைவிரல் இருந்தது. துண்டைக் கட்டற வரைக்கும் அது துடிச்சுக்கிட்டே இருந்தது. போற வழியெல்லாம் இவர் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. நான் தினம் நாலு ஆடு அறுக்கறவன். ஆடு எது, ஆள் எதுன்னு எனக்குத் தெரியும். இதுல பொய் சொன்னா நாளைக்குக் கத்தியை எடுக்க எனக்குப் பயமா இருக்கும்."

தலைமை அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அப்போ வீடு போகும்" என்றார் தலைமை அதிகாரி, அதே மென்மையோடு. பிறகு அக்காவைப் பார்த்தார். "எல்லாம் இந்தம்மாவால வந்தது. படியைப் பார்த்து இறங்கியிருந்தா இத்தனை பேருக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்குமா? உங்களால ஒரு அரசு ஊழியர் சாகப் பார்த்தார்."

அக்கா ஒரு காலை முன்னால் வைத்து ஊன்றினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக்கொடுத்த தோள்கள் அவை. வாக்கர் தரையை விட்டு எழும்பியது, மேசைக்கு மேலே ஒரு வளைவு போட்டது, அதன் முன்கம்பி தலைமை அதிகாரியின் மூக்கில் போய் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கறிக்கடைக்காரருக்குப் பழகிய சத்தம். வாக்கர் திரும்பி வரும் வழியில் கண்ணாடிப் பெட்டியையும் உடைத்தது. பிடிமானம் போன அக்கா சாயுமுன் தம்பி தாங்கிக்கொண்டார்.

தலைமை அதிகாரியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. திறந்திருந்த கோப்பில், மேசை விரிப்பில், மாதிரிக் கட்டடத்தின் மொட்டைமாடியில். யாரும் நகரவில்லை. குமாஸ்தாவின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"போலீஸைக் கூப்பிடவா சார்?" என்று மேற்பார்வையாளர் மெதுவாகக் கேட்டார்.

தலைமை அதிகாரி கைக்குட்டையை மூக்கில் அமுக்கிக்கொண்டு மேற்பார்வையாளரைப் பார்த்தார். சர்வேயரின் கட்டைப் பார்த்தார். பின்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, ஐம்பது ஆண்டு விபத்தில்லாச் சேவைக்கான பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார் மூக்கால்.

"அப்ப இதை எப்படி சார் எழுதறது?" என்றார் குமாஸ்தா.

"ஆடுன்னு எழுது."

"ஆடு இங்க எப்படி வந்ததுன்னு கேட்பாங்களே சார்?"

"படி ஏறி வந்ததுன்னு எழுது."

அப்படித்தான் எழுதப்பட்டது. எழுதிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆட்டு ரத்தம் காணப்பட்ட இடமெல்லாம் அனுமதியற்ற வதைக்கூடம் என்று கறிக்கடைக்காரருக்கு அனுப்பிய கடிதம் அதே கோப்பில் இருந்தது. அவர் வீட்டை இடித்தால் தலைமை அதிகாரியின் அறையையும் இடிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டியதில் ஒரு வழி கிடைத்தது: அனுமதியற்ற வதைக்கூடத்தை இடிக்காமல் முறைப்படுத்தியும் விடலாம். இரண்டு இடங்களும் ஒரே ஆணையில் முறைப்படுத்தப்பட்டன. முறைப்படுத்தப்பட்ட வதைக்கூடத்தில் முப்பது நாளுக்குள் தரைத்தளத்தில், தண்ணீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் வழுக்காத தரையும் கொண்ட ஒரு கழுவும் அறை கட்டியே தீர வேண்டும் என்று விதி. கட்டாவிட்டால் தண்டனை. கறிக்கடைக்காரர் கேட்டதைவிட இரண்டு அடி அகலமான அறை அது.

கொத்தனார் ஒன்பது நாளில் கட்டி முடித்தார். உறுதிப் பிரிவு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் அவர்களுடைய கழுவும் அறை எங்கே வர வேண்டும் என்பதில் இரண்டு பிரிவுக்கும் தகராறு முற்றி, நான்கு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான்கு ஆடுகள் என்று பதிவாயிற்றாம்.

வேலை முடிந்த அன்று உரிமப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு குமாஸ்தாவே வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவிடமிருந்து இரண்டு எட்டுத் தள்ளியே நின்றார்.

"ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருக்கு. வதைக்கூடத்தில் உள்ள விலங்குகளின் எண்ணிக்கை."

"வீட்ல ஆடு கிடையாதே சார். கடையிலதான்."

"பூஜ்யம்னு போட்டா உரிமம் ரத்தாகிடும். அப்புறம் இந்த அறையை இடிக்கணும். வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் அக்காவும்."

"நீங்க உரிமையாளர்" என்று முணுமுணுத்தபடி குமாஸ்தா கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதி, முத்திரை குத்தி, பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

கறிக்கடைக்காரர் அதை எடுத்து ஒளித்துவைக்கப் பார்த்தார். அக்கா கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இதைத் திருத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கறேன்க்கா. நாளைக்கே போறேன்."

"ஒரு எடத்துக்கும் போகாதே."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முன்கம்பி கோணிப்போன வாக்கரை டக் டக்கென்று ஊன்றி, சமையலறையைத் தாண்டி, தானே நடந்து போனார். தம்பி இத்தனை மாதப் பழக்கத்தில் பின்னாலேயே போய் முதுகைக் காட்டிக் குனியப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"டேய்."

"என்னக்கா?"

"யாராவது ஆய்வுக்கு வந்தா வாசல்லயே உட்காரச் சொல்லு. ஆடு குளிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லு."